மேசைமேல் வைக்கப்பட்டது: குச்சிக்கிழங்கும் வர்த்தக ஒப்பந்தங்களும்

1

மரவள்ளிக்கு நம்மிடையே மூன்று பெயர்கள் புழங்குகின்றன. கல்வராயன் மலையிலும், கீழே சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கங்களிலும் அது குச்சிக்கிழங்கு. அரசாங்கத் தாள்களில் மரவள்ளிக் கிழங்கு. சுங்க அட்டவணையில் அது 0714.10. அரைத்து மாவாக்கிவிட்டால் 1108.14. ஜவ்வரிசியாக உருட்டி வறுத்துவிட்டால் 1903. முதல் பெயரை வைத்தவர்கள் குச்சியை நட்டுக் கிழங்கைத் தோண்டுகிறவர்கள். மூன்றாவது பெயரை வைத்தவர்கள் யார், அந்தப் பெயருக்கு எதிரே ஒரு வரி விகிதத்தை எழுதவும் அழிக்கவும் செய்கிறவர்கள் யார் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பிரஸ்ஸல்ஸில் இயங்கும் உலக சுங்க அமைப்பு வகுத்து, 1988ல் நடைமுறைக்கு வந்த பொருள் வகைப்பாடு இது. நம்முடைய 1975ம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையும் இதைத்தான் பின்பற்றுகிறது. நாடுகளுக்கிடையிலான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்று செய்தித்தாளில் நாம் படிக்கிற ஒன்றின் உடல் முழுக்க இந்த எண்கள்தான். நட்புறவு, வளர்ச்சி, பரஸ்பர நலன் என்று பேசுகிற முன்பகுதி சில பக்கங்களோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அட்டவணை. எண், பொருள் விவரம், இப்போதைய வரி, அடுத்தடுத்த ஆண்டுகளில் வரி எவ்வளவு குறையும் என்ற கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண் இன்னொரு கட்டத்துக்கு நகர்ந்தால், ஒரு மலையில் என்ன நடுவது என்ற முடிவே மாறிப்போகலாம்.

ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி வாசகனின் கையில் என்று ரோலான் பார்த்தை முன்வைத்துத் தமிழில் 1990களில் ஏகப்பட்ட பக்கங்கள் எழுதப்பட்டன. வர்த்தக ஒப்பந்தம் என்ற பிரதிக்கு அதைப் பொருத்திப் பார்க்கிறேன். இங்கே ஆசிரியன் சாகவில்லை, அதிகாரிகள் குழு என்ற பெயரில் உயிரோடுதான் இருக்கிறான். இல்லாமல் போனது வாசகன். பிரதி முடிந்து, கையெழுத்தாகி, அமலுக்கு வந்த பிறகுதான் வாசகன் என்று ஒருவன் அனுமதிக்கப்படுகிறான். அப்போதும் ஆங்கிலத்தில், எண்களின் மொழியில்.

'கிழங்கு என்ன வெலைங்க போவுது?' என்பது ஊரில் அன்றாடக் கேள்வி. அந்த விலை சேகோ ஆலையில் பாயின்ட் பார்க்கிற இடத்தில் ஒரு தடவை தீர்மானிக்கப்படுகிறது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதை அளந்து சொல்கிற அந்தப் பாயின்ட்டில் விவசாயிக்கும் ஆலைக்கும் தீராத வழக்கு இருக்கிறது. அளவுக்கருவி ஆலையின் கையில். அந்த இடத்திலாவது விவசாயி நின்று சண்டை போட முடியும், மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று மிரட்ட முடியும். எண்கள் கட்டம் மாறுகிற அறைக்கு அவன் போவதற்கு வழியே இல்லை. அவனுக்காகப் போகவேண்டியவர்கள் என்று நாம் ஓட்டுப்போட்டு அனுப்பிய சபைகள் அந்த அறையின் வாசலில்கூட நிற்பதில்லை.

2

வர்த்தகக் கொள்கையில் சட்டமியற்றும் சபைகளின் பங்கு என்ன என்று அரசியல் சாசனத்தைப் புரட்டினால் விநோதமான ஓர் இரட்டை கண்ணில் படுகிறது. ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 14ம் இனம், அயல்நாடுகளோடு ஒப்பந்தம் செய்வதும் நிறைவேற்றுவதும். மாநிலப் பட்டியலின் 14ம் இனம், விவசாயம். இரண்டு பதினான்குகள். எண் தற்செயலாக ஒத்துப்போனதுதான், ஆனால் எது எதை விழுங்கும் என்பது தற்செயல் இல்லை. 253ம் உறுப்பின்படி, ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்தின் மீதும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். ஒப்பந்தம் என்ற முத்திரை விழுந்த கணத்தில் தில்லியின் பதினான்கு சென்னையின் பதினான்குக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, சட்டம் போடுவது நாடாளுமன்றம்தானே, அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கேதான் அடுத்த முடிச்சு. ஒப்பந்தம் செய்வதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சாசனத்தில் எங்கும் இல்லை. 73ம் உறுப்பின்படி அது நிர்வாகத்தின் அதிகாரம், அதாவது அமைச்சரவையின் அதிகாரம். கட்ச் எல்லைத் தீர்ப்பாயம் தொடர்பான மகன்பாய் வழக்கில் 1969ல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்தின் சாரம் இது: குடிமக்களின் உரிமையைக் குறைத்தாலோ நாட்டின் சட்டத்தை மாற்றினாலோதான் சட்டம் தேவை, மற்றபடி நிர்வாகமே செய்துகொள்ளலாம். தமிழ் வாசகருக்கு இதன் பொருளை விளக்க நீதிமன்ற மேற்கோள் வேண்டாம், கச்சத்தீவு என்று ஒரு சொல் போதும். 1974 ஜூனில் கையெழுத்தான பிறகே அது நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாக வந்தது.

வர்த்தக ஒப்பந்தத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. வரியைக் குறைப்பதாக ஒப்புக்கொண்ட அரசு அதற்காக நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவருவதில்லை. 1962ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ம் பிரிவு, பொது நலன் கருதி எந்தப் பொருளுக்கும் வரிவிலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நிதியமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிடும். அவ்வளவுதான், ஒப்பந்தம் நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆசியான் நாடுகளோடு செய்த ஒப்பந்தத்தின் வரிக்குறைப்பு 2011ம் ஆண்டின் 46ம் எண் சுங்க அறிவிக்கை வழியாகத்தான் இயங்கியது. இப்படிப்பட்ட அறிவிக்கைகள் பின்னர் இரு அவைகளின் மேசைமேல் வைக்கப்படும். நாடாளுமன்ற அலுவல் பட்டியலில் தினமும் வரும் சொற்றொடர் இது, 'மேசைமேல் வைக்கப்பட்ட காகிதங்கள்'. வாசிக்கப்பட்ட காகிதங்கள் என்றோ விவாதிக்கப்பட்ட காகிதங்கள் என்றோ அது சொல்வதில்லை. சொற்கள் சில சமயம் மிக நேர்மையாக இருந்துவிடுகின்றன.

இதில் ஒரு கருத்தியல் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சட்டத்தின் அதிகாரமில்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது 265ம் உறுப்பு. மன்னனின் வரிவசூலுக்கு எதிராக உருவான சபைகளின் நீண்ட வரலாறு அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. வரி போடுவதற்குச் சபை வேண்டும். ஆனால் வரியை எடுப்பதற்கு? அதற்கு ஒரு கையெழுத்து போதும். வரி குறைந்தால் யாருக்குத்தான் நஷ்டம் என்ற நினைப்பு இதன் அடியில் கிடக்கிறது. இந்தச் சொல்லாடல் குடிமகனை வரி கட்டுகிறவனாக மட்டும் கற்பனை செய்கிறது. எதையாவது விளைவிக்கிறவனாக அவனை அது பார்க்கவே இல்லை. இறக்குமதி வரி குறைகிறபோது நுகர்வோனுக்குச் சலுகை என்று படிக்கிற அதே வாக்கியத்தை, கிழங்கு தோண்டுகிறவன் கூலி வெட்டு என்று படிக்கலாம். அந்த இரண்டாவது வாசிப்புக்கு நம் சாசனத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

3

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, நடந்த கதை. ஆசியான் நாடுகளுடனான சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தில் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் இந்தியா கையெழுத்திட்டது. 2010 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. 489 பொருள்கள் வரிக்குறைப்பிலிருந்து விலக்கப்பட்டன. பாமாயில், தேயிலை, காப்பி, மிளகு ஆகியவை தனி வகையில் வைக்கப்பட்டன. கச்சாப் பாமாயிலின் வரி 80 சதவீதத்திலிருந்து 37.5 சதவீதத்துக்கும், சுத்திகரித்த பாமாயிலின் வரி 90லிருந்து 45க்கும், மிளகின் வரி 70லிருந்து 50க்கும், காப்பி தேயிலையின் வரி 100லிருந்து 45க்கும் 2019 இறுதிக்குள் படிப்படியாக இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு.

கேரளத்தில் அது அரசியலாக வெடித்தது. 2009 அக்டோபர் 2 அன்று இடது ஜனநாயக முன்னணி மாநிலத்தின் நெடுகிலும் மனிதச் சங்கிலி நடத்தியது. தேங்காயும் மிளகும் ரப்பரும் அங்கே வீட்டுக்கு வீடு இருப்பதால் அட்டவணையின் எண்கள் உடனே முகங்களாக மாறின. நாம் இந்தப் பக்கம் அந்த அளவு அசையவில்லை. நமக்கு இழப்பு இல்லாததால் அசையவில்லை என்று நான் நினைக்கவில்லை. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் மானாவாரிக் கொல்லைகளில் மணிலா போடுகிறவர்களுக்கும் (நிலக்கடலை என்று புத்தகத்தில் எழுதுவது இங்கே மணிலாதான்) அதே அட்டவணையில் பங்கிருக்கிறது. கடலை எண்ணெயின் விலையைப் பாமாயில் கீழே இழுக்கும். 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் மலிவு விலைக்குக் கிடைக்கிறது. கடலை விளைவிக்கிற குடும்பமே கடலையை விற்றுவிட்டுக் கார்டுக்குப் பாமாயில் வாங்கிச் சமைக்கிறது. ரேஷனில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடு என்று விவசாயச் சங்கங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஏழைக்கு மலிவாக எண்ணெய் என்பது சின்ன விஷயம் இல்லை, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒரே குடும்பத்தின் அடுப்பும் கொல்லையும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன, அந்த மோதலைப் பேசித் தீர்க்க ஒரு சபை கிடையாது என்பதுதான் என் ஆட்சேபம்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். பிற்பாடு சமையல் எண்ணெய் விலை ஏறியபோது ஒப்பந்தம் அனுமதித்த உச்சவரம்புக்கு வெகு கீழே அரசு தானாகவே வரியை இறக்கியது. கச்சாப் பாமாயிலின் அடிப்படைச் சுங்கவரி பூஜ்யம் வரை போனது. 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏறியது, 2025 மே இறுதியில் 10ஆக இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ஓர் அறிவிக்கை. வெளிநாட்டுக்காரன் கழுத்தில் கத்தி வைத்தான் என்ற பழைய கதையாடல் இங்கே பொருந்தாது. கத்தி நம் வீட்டு அலமாரியில் சட்டப்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் அதை எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு சந்தர்ப்பம் மட்டுமே. டங்கல் வரைவுக்கு எதிராக 1990களில் எழுந்த விமர்சனத்தில் பெரும்பகுதி வெளியே இருக்கும் எதிரியைப் பார்த்தே பேசியது. உள்ளே இருக்கும் 25ம் பிரிவின் பக்கம் அது அதிகம் திரும்பவில்லை.

4

இனி கிழங்குக்கு வருவோம். சேலம், ஆத்தூர் வட்டாரத்தின் ஜவ்வரிசித் தொழில் எப்படிப் பிறந்தது என்பதே ஒரு வர்த்தகக் கொள்கைப் பாடம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஜவ்வரிசியும் மாவும் மலேயா, ஜாவாப் பக்கங்களிலிருந்து கப்பலில் வந்தன. போரில் அந்த வழி அடைபட்டது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அதாவது எந்த அரசும் திட்டமிடாத ஒரு பாதுகாப்பு, போர் எழுப்பிய ஒரு சுவர், இந்தத் தொழிலைப் பெற்றெடுத்தது. 1981ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது தென்கிழக்கு ஆசியாவின் கதவு ஒப்பந்தங்களால் மறுபடி திறக்கப்படுகிறது. ஆசியானில் உள்ள தாய்லாந்துதான் மரவள்ளி மாவு ஏற்றுமதியில் உலகிலேயே முதல் இடத்தில் இருக்கிறது. தாய்லாந்தோடு 2003ல் ஒரு தனிச் சட்டக ஒப்பந்தம் செய்து 82 பொருள்களுக்கு 2004 செப்டம்பரிலிருந்தே வரியைக் குறைக்கத் தொடங்கியவர்கள் நாம். கிழங்கு விலை சரியும்போதெல்லாம் வெளிமாவு வருகிறது என்ற பேச்சு ஆலைப் பக்கமும் கொல்லைப் பக்கமும் கிளம்புகிறது.

இந்தப் பேச்சில் அவசரப்பட்டுக் கலந்துகொள்ள எனக்குத் தயக்கம். விலை சரிவதற்கு இறக்குமதி மட்டும் காரணம் என்றால் கணக்கு எளிது. மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி செய்கிறார்கள் என்ற புகார் உள்ளூர்ப் புகார். பாயின்ட் திருட்டும் புரோக்கர் கமிஷனும் உள்ளூர்ச் சரக்குதான். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சுவர் நன்றாக உயர்ந்திருந்த காலத்தில் அதற்குள் யார் இருந்தார்கள் என்று கேட்காமல், சுவரை மறுபடி கட்டு என்று மட்டும் சொல்ல முடியாது.

ஜவ்வரிசித் தொழில் வேர்பிடித்த அந்த ஆண்டுகளில் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களாக மலை பங்கிடப்பட்டிருந்தது. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தோடு இந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லை, மலையில் வாழ்கிறவர் என்ற பொருள்) உழுத நிலத்துக்கு ஜாகீர்தாருக்கு வரி செலுத்தி வாழ்ந்தார்கள். நாடு விடுதலையாகி, ஜமீன்தாரி ஒழிந்து, ஐந்தாண்டுத் திட்டங்கள் சில முடிந்து, 1976ல்தான் அரசு அந்த மலையைத் தன் கையில் எடுத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபின், கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த மக்களுக்கு 1996ல்தான் ஓட்டுரிமை வந்தது என்ற செய்தி அந்த வழக்கை ஒட்டித்தான் வெளியே பலருக்கும் தெரிந்தது. 1952லிருந்து எத்தனை பொதுத்தேர்தல்கள்! உலகின் மிகப்பெரிய ஜனநாயகம் என்ற பெருங்கதையாடலுக்குள் ஒரு மலை அளவு ஓட்டை.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991ல் தாராளமயம். 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு தொடங்கியாயிற்று. 1996ல் மலைக்கு ஓட்டு. மலைவாசி சபைக்குள் ஆள் அனுப்பும் தகுதியைப் பெற்ற நேரத்தில், அவன் கிழங்கின் கதியைத் தீர்மானிக்கிற அதிகாரம் சபையை விட்டு வெளியேறிவிட்டிருந்தது. அதே 1996ல் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் பெசா சட்டமும் வந்தது. ஆனால் அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு குழிகூட அறிவிக்கப்படவில்லை. கீழேயும் சபை இல்லை, மேலேயும் சபை இல்லை.

ஆகவே திறந்த சந்தையா மூடிய சந்தையா என்று நம் முன்னால் வைக்கப்படும் எதிர்வு என்னைத் திருப்திப்படுத்தவில்லை. மூடிய சந்தை ஆலையைக் காப்பாற்றியது, மலையை ஜாகீர்தாரிடம் விட்டுவைத்தது. திறந்த சந்தை மலையை நேரடியாக பாங்காக்கோடு இணைத்தது, நடுவில் பேச ஒரு வாயையும் வைக்காமல். இரண்டு ஏற்பாட்டிலும் பொதுவாக இருப்பது அந்த வாய் இல்லாமைதான்.

5

ரகசியம் இல்லாமல் பேரம் பேச முடியுமா என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் துண்டுக்கடியில் கைவிரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள், கடைசி விலையை முதலிலேயே ஊருக்குச் சொல்லிவிட்டால் வியாபாரம் கெட்டுப்போகாதா? நியாயமான கேள்வி. ஆனால் துண்டுக்கடியில் பேசுகிற தரகரிடம் மாட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார், இதற்குக் கீழே போகாதே என்று. பேசி முடித்த பிறகும் கயிறு மாறுவதற்கு முன் அவர் தலையசைக்கவேண்டும். பேரத்தின் நடுவில் ரகசியம் இருக்கட்டும். முன்னால் ஓர் ஆணையும் பின்னால் ஓர் ஒப்புதலும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

வேறு இடங்களில் இது நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கனடாவுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை 2016 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஒரு பகுதியான வலோனியாவின் சபை தடுத்து நிறுத்தியது. ஏறத்தாழ 36 லட்சம் மக்கள்தொகை கொண்ட வட்டாரம் அது. நம் பக்கத்தில் இரண்டு மூன்று மாவட்டங்களைச் சேர்த்தால் அந்தத் தொகை வந்துவிடும். விவசாயம் பற்றியும் முதலீட்டாளர் வழக்குமன்றம் பற்றியும் விளக்கங்களும் உறுதிமொழிகளும் பெற்ற பிறகே அது வழிவிட்டது. ஒப்பந்தம் அந்த மாத இறுதியில் கையெழுத்தானது. உலகம் அழிந்துவிடவில்லை.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் ஒரு பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனில் 2010ம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாட்கள் வைக்கப்படவேண்டும், கீழவை ஆட்சேபித்துத் தள்ளிப்போடலாம். அதுவே மிகப் பலவீனமான ஏற்பாடு என்று அங்கேயே குறை சொல்கிறார்கள். நம்மிடம் அந்தப் பலவீனமும் இல்லை. ஒரே பிரதிக்கு லண்டனில் வாசகன் இருக்கிறான், தில்லியில் இல்லை. காலனியாதிக்கத்தை எதிர்த்து வென்ற நாம், மன்னருடைய தனியுரிமையாக அங்கே இருந்த அதிகாரத்தை அப்படியே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அதில் கொஞ்சத்தைத் தளர்த்தியும் விட்டார்கள்.

இங்கே முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மாநிலங்களவையில் எம்.ஏ. பேபி 1992லும், மக்களவையில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் 1993லும் ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கச் சாசனத் திருத்த மசோதாக்களை முன்வைத்தார்கள். பெர்னாண்டஸின் வரைவு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலையும் கேட்டது. தனிநபர் மசோதாக்கள் போகிற வழியில் அவையும் போயின. உலக வர்த்தக ஒப்பந்தம் மாநிலங்களின் விவசாய அதிகாரத்தில் கைவைக்கிறது என்று ராஜஸ்தான், ஒரிசாவோடு தமிழ்நாடும் 131ம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மாநில சுயாட்சி பற்றி மேடைதோறும் பேசுகிற நாம், நம் மாநிலம் போட்ட அந்த வழக்கை நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஆர்சிஇபி என்ற பெரிய வட்டார ஒப்பந்தத்திலிருந்து 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா வெளியேறியபோது விவசாய அமைப்புகள் வெற்றி கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான், தெருவில் நின்று போராடியதற்குப் பலன் கிடைத்தது. ஆனால் உள்ளே போவதா வேண்டாமா என்று ஏழு வருடம் பேசியதும், வெளியே வந்ததும் அதே மூடிய அறையில்தான். நாளைக்கு மனம் மாறி உள்ளே போனாலும் தடுக்கச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மன்னன் இரங்கிய நாளை நாம் உரிமை பெற்ற நாள் என்று எண்ணிக்கொள்கிறோம்.

6

இந்தப் பக்கங்களை வாசிக்கிற தோழர்களிடம் சில விஷயங்களைச் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தைக் கிழித்தெறி என்ற முழக்கம் எழுப்ப எளிது, அதில் நமக்கு ஒரு ஆறுதலும் இருக்கிறது. கிழிக்கச் சொல்கிற பிரதியை நாம் வாசித்திருக்கிறோமா? ஒரு நாவலைப் பற்றி எழுதுமுன் அதைப் படிக்கவேண்டும் என்று சண்டை போடுகிற சிறுபத்திரிகை மரபு, ஓர் ஒப்பந்தத்தின் அட்டவணையை மொழிபெயர்த்து வெளியிட்டதில்லை. 1108.14 எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த ஆண்டில் எங்கே நகர்கிறது என்று ஒரு துண்டறிக்கை அடித்து வெள்ளிமலைச் சந்தையில் கொடுத்தால், அது பத்துக் கண்டனக் கூட்டங்களுக்குச் சமம் என்பது என் கணிப்பு. எண்ணைக் கிழங்காகத் திருப்பி மொழிபெயர்ப்பதும் இலக்கிய வேலைதான்.

இரண்டாவது, தேசம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் திணிப்பதை நிறுத்தவேண்டும். கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கியிருக்கின்றன. கிழங்கு தோண்டுகிறவரும் கிழங்கு அரைக்கிற ஆலைக்காரரும் மணிலாக்காரரும் ரேஷன் பாமாயில் வாங்குகிற கூலிக்காரரும் மலையில் மிளகும் காப்பியும் வைத்திருப்பவரும் ஒரே உறுப்பினரைத்தான் தில்லிக்கு அனுப்புகிறார்கள். இவர்களுக்குப் பொதுவான நலன் என்று ஒன்று தயாராக எங்கும் இல்லை. வெளிமாவு வந்தால் ஆலைக்காரருக்கு வயிறு எரியும், கிழங்கு மலிந்தால் அதே ஆலைக்காரருக்கு லாபம். பொது நலன் கருதி என்று அறிவிக்கையில் அச்சாகிற அந்தத் தொடருக்கு, இத்தனை பேரும் மோதிப் பேசின பிறகுதான் ஏதாவது பொருள் கிடைக்கும். சபை என்று ஒன்று எதற்கு வேண்டும் என்றால் இதற்குத்தான்.

மூன்றாவது, சென்னையைக் கேட்பது. 2021 முதல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் விவசாயத்துக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. விதைக்கும் பாசனத்துக்கும் மானியத்துக்கும் அதில் இடமிருக்கிறது. விளைந்ததன் விலையை இறக்கக்கூடிய ஒப்பந்தங்கள் எவை, பேச்சுவார்த்தையில் இருப்பவை எவை, நம் பயிர்கள் எந்தப் பட்டியலில் என்று ஒரு பக்கம் அதில் சேர்ப்பதற்கு எந்தச் சாசனத் திருத்தமும் தேவையில்லை. சட்டமன்றக் குழு ஒன்று மாவட்டங்களுக்குப் போய்ச் சாட்சியம் வாங்கி, தில்லிக்கு எழுதி, அந்த எழுத்தை வெளியிடலாம். தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது என்பார்கள். தெரிந்ததுதான். ஆனால் பதிவான சொல் ஒன்று இருந்தால் பின்னால் வழக்குப் போடுகிறவனுக்கும் வரலாறு எழுதுகிறவனுக்கும் பிடிமானம் இருக்கும். தில்லியிடம் கேட்கவேண்டியது அதைவிடக் குறைவு: கையெழுத்துக்கு முன் பேர ஆணை அவையில் விவாதிக்கப்பட வேண்டும், கையெழுத்துக்குப் பின் அவை ஒப்பாமல் 25ம் பிரிவின்கீழ் ஒப்பந்த வரிவிலக்கு எதுவும் வரக்கூடாது, பிரதி அந்தந்த மாநில மொழியில் வேண்டும்.

சபைகள் மீது எனக்கு மயக்கம் ஒன்றும் கிடையாது. கட்சிக் கொறடாவின் கயிற்றில் ஆடுகிறவர்களை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விவாதம் நடந்தாலும் ஆலையின் குரல் பெரிதாகவும் மலையின் குரல் சிறிதாகவும்தான் கேட்கும். ஆனால் சிறிய குரல் என்பது வேறு, குரலே இல்லாமை வேறு. ஓட்டு என்ற சீட்டு மலைக்கு வந்துசேர நாட்டின் விடுதலைக்குப் பின்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தச் சீட்டைக் கொண்டு எதைத் தீர்மானிக்கலாம் என்ற பட்டியலிலிருந்து கிழங்கின் விலையை எடுத்துவிட்டு, சாலையும் தெருவிளக்கும் மட்டும் மிச்சம் வைப்பது இன்னொரு வகை ஜாகீர். அந்தப் பட்டியலில் 0714.10ஐத் திரும்ப எழுதிச் சேர்க்கிற வேலை பாக்கி இருக்கிறது. குச்சிக்கிழங்கு என்ற பெயரிலேயே அதை எழுதலாம்.